தலைமையிடம்

முதல் குறிப்பாணையை நான்தான் தட்டச்சு செய்தேன்.
விதி பதினேழு, உட்பிரிவு ஆ.
அதற்குப் பிறகு புதிதாக எதையும் அடிக்கவில்லை.
பழைய ஃபைலைத் திறப்பேன்,
தேதியை மாற்றுவேன்.
‘கடமையில் நேர்மையும் பற்றுறுதியும் காட்டத் தவறி’
அப்படியே இருக்கும்.
‘அரசு ஊழியருக்கு ஒவ்வாத வகையில்’
அப்படியே இருக்கும்.
நடுவில் ஒரு பத்தி மட்டும் காலி.
டில்லிபாய் அக்கா அந்த மாதம் செய்ததை
அதில் நிரப்ப வேண்டும்.

செய்தது என்றால், என்னவெல்லாமோ.
எண்ணூர் சரக்கு ரயில்
கொருக்குப்பேட்டை கேட்டை மறித்து நின்ற ஒரு காலையில்
இருபத்திரண்டு நிமிடத் தாமதம்.
வட்டாட்சியர் உள்ளே வந்தபோது எழுந்து நிற்காதது.
(முட்டிக்கு பெல்ட் போட்டிருந்தார்.
சான்றாவணப் பட்டியலில் பெல்ட் இல்லை.)

அப்புறம் வெள்ளம்.
கால்வாய் பதிவறைக்குள் புகுந்த டிசம்பரில்
இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி
பதிவேடுகளைத் தலையில் வைத்து மேலேற்றினார்.
நாங்கள் படிக்கட்டில் நின்று வாங்கி அடுக்கினோம்.
மழை விட்டதும் மூன்று நாள் மொட்டைமாடியில்
ஏடு ஏடாகப் பிரித்து, செங்கல் வைத்து,
காக்கை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
அதற்கு நான் அடித்தது:
‘உரிய அனுமதியின்றி அரசு ஆவணங்களை
வெயிலில் வைத்துச் சேதப்படுத்தியது.’
அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

எதற்கு இதெல்லாம் என்று யாரும் கேட்டதில்லை.
எல்லோருக்கும் தெரியும்.
கொடுங்கையூர்ப் பக்கம் ஒரு வாய்க்கால் புறம்போக்கு,
அதற்குப் பட்டா கேட்டு வந்த கோப்பு,
குறிப்புப் பக்கத்தில் நீல மையில் ஐந்தே சொல்:
‘புலத்தில் தண்ணீர் ஓடுகிறது. பரிந்துரைக்க இயலவில்லை.’
கோப்பு வேறு மேஜைக்குப் போனது.
அங்கே இப்போது ஓடுவது லாரி.

பதினைந்து நாளுக்குள் பதில் வந்துவிடும்,
கோடு போட்ட முழுத்தாளில் நாலு பக்கம்.
கூடவே குறிப்பாணையின் நகல் ஒன்று.
‘டெல்லிபாய்’ என்று நான் அடித்திருப்பதை
அதில் வட்டம் போட்டு அனுப்புவார்.
ஏழு முறை.
நான் திருத்தவில்லை,
பழைய ஃபைலில் அப்படித்தானே இருக்கிறது.

ஜூன் முப்பது.
சால்வை எம்.சி. ரோட்டில் எடுத்தது.
ஆளுக்கு ஒரு லட்டு, ஒரு பொட்டலம் மிக்சர்.
கன்னியப்பன் மைக்கை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அக்காவின் மருமகள் பட்டுப்புடவையில்
எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றாள்.
ஐந்து நாற்பதுக்கு மின்னஞ்சல்.
பிரிண்ட் எடுத்தது நான்தான்.
‘ஓய்வுபெற அனுமதிக்கப்படாமல்
தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கப்படுகிறார்.’
காகிதம் இன்னும் சூடாக இருந்தது.
என் எழுத்துப்பிழை கடற்கரைச் சாலை வரை போய்
முத்திரையோடு திரும்பியிருந்தது.

மைக்கை அணைத்தார்கள்.
சால்வையை யாரோ பைக்குள் திரும்பச் செருகினார்கள்.
லட்டை என்ன செய்வதென்றுதான்
ஒருவருக்கும் தெரியவில்லை.

அக்கா நின்றுகொண்டே படித்தார்.
பேனாவைத் திறந்து பெயரில் வட்டம் போட்டார். எட்டு.
‘பெற்றுக்கொண்டேன்’, மணி ஐந்து ஐம்பத்திரண்டு.
பிறகு கடைசி வரியில் விரல் நின்றது:
‘முன் அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு
வெளியேறக் கூடாது.’

என்னைப் பார்த்துச் சிரித்தார்.
“அறுவது வருசமா அந்தக் கொருக்குப்பேட்ட கேட்டையே
நேரத்துக்குத் தாண்ட முடியல,
நான் எங்கப்பா போவப் போறேன்?”

மிக்சர் பொட்டலம் ஒன்றை எடுத்துக்
கைப்பையில் போட்டுக்கொண்டார்.
கொஞ்சம் யோசித்து
மருமகளுக்கும் ஒன்று.